"தண்ணி உருண்டு ஓடுது பாருங்ணா" என்று விற்ற ஜாக்கெட்

ஆனி மாதக் கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கடையில் 7,800 ரூபாய் கொடுத்து பைக் ஓட்டும்போது போடுகிற ரைடிங் ஜாக்கெட் வாங்கினேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆடியில் வால்பாறைக்கோ ஊட்டிக்கோ வண்டி எடுக்க நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். பதினான்கு வருஷமாகத் தையலைப் பார்ப்பதுதான் என் வேலை. அப்படியிருந்தும் ஏமாந்தேன் என்பதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

கடைப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "எங்கீங்ணா போறீங்க?" என்றான். வால்பாறை, கீழே வெயில், மேலே மழை, இரண்டுக்கும் ஆகிற மாதிரி வேண்டும் என்றேன். வெளியே காற்றுப் புகுகிற வலை மாதிரியான மெஷ் துணி, உள்ளே ஜிப் வைத்து மாட்டுகிற மழை லைனர் உள்ள ஜாக்கெட்டை எடுத்தான். "நாலு சீசனுக்கும் இது ஒண்ணு போதுங்ணா." லைனரை மேஜையில் விரித்து, பாட்டில் தண்ணீரை அதன் நடுவில் ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நானும் நம்பிவிட்டேன்.

அந்தத் தண்ணீர் வித்தையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். துணியின் மேல் பூசிய மருந்து புதிதாக இருக்கும்வரை எந்தப் பாலியெஸ்டர் துணியிலும் தண்ணீர் உருண்டு ஓடும். நாலு முறை துவைத்தால், தேய்ந்தால் அது போய்விடும். அவன் ஊற்றியது துணியின் நடுவில், தையல் மேல் இல்லை. மழைத் துணியில் தண்ணீர் முதலில் புகுவது ஊசி போட்ட ஓட்டை வழியாகத்தான். அதனால்தான் நல்ல மழை உடுப்பில் எல்லாத் தையலுக்கும் உள்பக்கம் டேப் ஒட்டியிருப்பார்கள். லைனரைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் திருப்பவில்லை.

ஞாயிறு காலையில் நானும் மச்சினனும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பினோம். பல்லடம் தாண்டியதுமே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. நெகமம், பொள்ளாச்சி வரைக்கும் மெஷ் ஜாக்கெட் சுகமாகத்தான் இருந்தது. ஆழியாறில் நல்ல வெயில். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்று அணையைப் பார்த்தோம்.

அட்டகட்டியை நெருங்கும்போது சாரல் பிடித்தது. லைனரை மாட்ட வேண்டுமென்றால் ஜாக்கெட்டை முழுதாகக் கழற்ற வேண்டும். சாரலில் நின்று கழற்றி, ஜிப்பைத் தேடி மாட்டி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கவர்க்கல் பக்கம் பனிமூட்டமும் பெருமழையும் சேர்ந்து வந்தன. முதலில் தோள் தையலில் சில்லென்று ஒரு கோடு இறங்கியது. பிறகு முன் ஜிப், பிறகு வயிறு. வெளியிலிருந்த மெஷ்ஷும், விழுந்தால் அடிபடாமல் காக்க அதற்குள் வைத்திருந்த பேடுகளும் தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஜாக்கெட் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது.

ஆயிரம் மீட்டர் ஏறினாலே சுமார் 6 டிகிரி குறையும். ஈர உடம்பில் காற்றும் அடித்தால் அந்த ஈரம் ஆவியாகப் போகும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். எனக்குப் பல் கிட்டியது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வளைவில் பிரேக்கைப் பிடிக்கிறேன், விரல் மடங்கவில்லை. எதிரே பஸ் இறங்கி வருகிறது. இரண்டாவது முறை மொத்தக் கையாலும் இழுத்த பிறகுதான் வண்டி நின்றது. மச்சினன் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, "மாமா, ஓரங்கட்டுங்க" என்று கத்தினான். அவன் போட்டிருந்தது பழைய ஜாக்கெட். அதன் மேல் 1,300 ரூபாய்க்கு வாங்கிய சாதாரண ரெயின்கோட்டும் பேண்ட்டும். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

வழியில் ஒதுங்கிய டீக்கடையில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததும், "முதல்ல அந்தச் சட்டையக் கழட்டு கண்ணு" என்று துண்டை நீட்டி அடுப்போரம் உட்கார வைத்தார். விரலில் உணர்வு வர அரை மணி நேரம் ஆனது.

திங்கட்கிழமை கம்பெனி மேஜையில் போட்டு லைனரைத் திருப்பினேன். எல்லாம் வெறும் ஒற்றைத் தையல். டேப் ஓர் இடத்திலும் இல்லை. சரி, பேடாவது நன்றாக இருக்குமா என்று எடுத்துப் பார்த்தேன். ஜாக்கெட்டில் தொங்கிய அட்டையில் 'சிஇ ஆர்மர்' (ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்ட பேடு) என்று இருந்தது, பேடுகளில் ஓர் எழுத்துகூட இல்லை. தரமான பேடில் ஐரோப்பியத் தர எண் (ஈஎன்) பேடிலேயே பதிந்திருக்கும்: தோள், முழங்கைக்கு ஈஎன் 1621-1, முதுகுக்கு ஈஎன் 1621-2, கூடவே லெவல் 1 அல்லது 2 (2 என்றால் அடியை இன்னும் நன்றாகத் தாங்கும்). ஜாக்கெட்டின் உள்லேபிளில் ஈஎன் 17092 என்றும் அதன் வகுப்பும் இருக்க வேண்டும். ஏஏஏ என்றால் உரசலை அதிகம் தாங்கும், அங்கிருந்து ஏஏ, ஏ என்று இறங்கும். என் முதுகுப் பேடின் உறையை அறுத்தேன். உள்ளே இருந்தது பேக்கிங்குக்குப் போடுகிற ஸ்பாஞ்ச். விரலால் அழுத்தினால் மறுபக்கம் தட்டியது. விழுந்திருந்தால் என் முதுகுத்தண்டுக்கு அதுதான் காவல்.

அன்று மாலையே கடைக்குப் போனேன். வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முதலாளி பில்லைக் காட்டி, "விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாதுன்னு போட்டிருக்குதுங்களே" என்றார். அப்புறம், "வாட்டர் புரூப்னு நாங்க சொல்லவே இல்லீங்க." அப்புறம் அறுத்த பேடைப் பார்த்துவிட்டு, "நீங்களே கிழிச்சுட்டு வந்தா நாங்க என்னங்க பண்றது?" அறுத்தது என் தவறுதான். உங்களுக்கு இப்படி நடந்தால் போட்டோ, வீடியோ எடுங்கள், கத்தி வைக்காதீர்கள்.

ஆனால் பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் கடைக்காரர் தப்பித்துவிட முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். வாங்குவதற்கு முந்தின நாள் வாட்ஸப்பில் விசாரித்தபோது கடை அனுப்பிய '100% வாட்டர் புரூப்' என்ற பதில் என் போனில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்துவிட்டேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. நீங்கள் வாங்கும்போது பில்லில் வெறுமனே 'ஜாக்கெட் 1' என்று எழுத விடாதீர்கள். வாட்டர் புரூப், பேடின் லெவல் இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

நம் பக்கத்து மலைகளுக்கு இந்த உள்லைனர் முறையே ஒத்துவராது என்பது இப்போது என் முடிவு. டேப் ஒட்டிய லைனராகவே இருந்தாலும் வெளித்துணி நனைந்து கனத்துக் குளிரத்தான் செய்யும். நல்ல பேடுள்ள மெஷ் ஜாக்கெட் ஒன்று, அதன் மேல் போட ஒரு சைஸ் பெரிய ரெயின்கோட், பேண்ட் என்று தனித்தனியாக வாங்குங்கள். பேண்ட்டில் கவட்டுத் தையலைக் கட்டாயம் பாருங்கள், உட்கார்ந்தால் தண்ணீர் தேங்குவது அங்கேதான். பனிமூட்டத்தில் கறுப்பு தெரியாது; மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். கிளவுஸ் இரண்டு ஜோடி, ஒன்று பிளாஸ்டிக் பைக்குள். மழை வந்த பிறகு மாட்டலாம் என்று இருக்காதீர்கள், ஆழியாறிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

அந்தக் கடையில் அதே ஜாக்கெட் இன்னும் விற்பனைக்குத் தொங்குகிறது. கறுப்பு மெஷ், தோளில் சிவப்புப் பட்டை, உள்ளே சாம்பல் நிற லைனர். வேறு கடையில் வேறு பெயரிலும் இருக்கலாம். கையில் கொடுத்தால் முதலில் லைனரைத் திருப்புங்கள்.