மூணு தடவை படிச்ச ‘கிறிஸ்டின் லாவ்ரான்ஸ்தாத்தர்’

பத்து வருஷத்துல இந்த மூணு பாக நாவலை மூணு தடவை முழுசா படிச்சிருக்கேன். நார்வே எழுத்தாளர் சிக்ரிட் உன்ட்செட் 1920லேர்ந்து 1922 வரைக்கும் வருஷத்துக்கு ஒரு பாகமா எழுதினது, 1928ல அவங்களுக்கு நோபல் கிடைச்சுது. கதை 14ஆம் நூற்றாண்டு நார்வேல, குட்பிரான்ஸ்தால் பள்ளத்தாக்குல ஒரு பெரிய பண்ணை வீட்டுல ஆரம்பிக்குது. லாவ்ரான்ஸோட பொண்ணு கிறிஸ்டின், அப்பா நிச்சயம் பண்ண சீமோனை வேண்டாம்னுட்டு எர்லெண்டைக் கட்டிக்கிறா, அந்த ஒரு பிடிவாதம் அவ பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, 1349ல கொள்ளைநோய் நார்வேக்கு வர்ற வரைக்கும் அவளை விடவே இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி மொழிபெயர்ப்பு யாருன்னு பாத்துடுங்க. நான் முதல்ல எடுத்தது 1920கள்ல வந்த பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, வேணும்னே பழங்கால நடையில இருக்கும், ரொம்ப இழுத்துப் பிடிச்சுதான் முடிச்சேன். டீனா நன்னலி 1997லேர்ந்து 2000க்குள்ள பண்ணது தண்ணி மாதிரி ஓடுது, பழசுல வெட்டுன பகுதியெல்லாம் கூட அதுல இருக்கு. பேருங்களுக்குப் பயப்படாதீங்க, லாவ்ரான்ஸ்தாத்தர்னா லாவ்ரான்ஸ் மகள், நம்ம இனிஷியல் மாதிரிதான்.

முதல் பாகம் யாரையும் இழுத்துடும். கல்யாணத்தன்னிக்கு கன்னிப்பொண்ணுங்க மட்டும் போடுற தங்கக் கிரீடத்தை வச்சு, முடியை விரிச்சு விட்டு நிக்கிறா, வயித்துல பிள்ளை இருக்கிறது யாருக்கும் தெரியாது. அப்புறம் ரெண்டாவது பாகத்துல அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டு வெறுங்காலோட நிதாரோஸ்ங்கிற ஊர்ல இருக்கிற பெரிய தேவாலயத்துக்கு நடந்து போய் அதே கிரீடத்தைக் காணிக்கையா குடுக்கிறப்ப எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு, மூணு தடவையும்.

ஆனா நான் இதை எழுத உக்காந்ததே ரெண்டாவது பாகத்துக்காகத்தான். புருஷன் வீடு ஹுசபி, பராமரிப்பே இல்லாம அழுக்கடைஞ்சு கிடக்குது, வேலைக்காரங்க சொன்ன பேச்சு கேக்க மாட்டாங்க, இவ மாசமா இருந்துக்கிட்டே அத்தனையையும் நிமித்துறா. நடுவுல மன்னர் மாக்னுஸுக்கு எதிரா எர்லெண்ட் சதியில சேருறான். முதல் தடவை அந்த அரசியலை எல்லாம் பக்கம் பக்கமா தள்ளிட்டுப் போனேன், அது பெரிய தப்பு. அடுத்த தடவை நிதானமா படிச்சப்பதான் தெரிஞ்சுது, சதி வெளியில வந்ததே ஒரு வீட்டுச் சண்டையால. கிறிஸ்டின் பழைய காயங்களை ஒண்ணு விடாம சொல்லிக் காமிக்கிறா, அவன் கோவிச்சுக்கிட்டு சுன்னிவாங்கிற இன்னொருத்திகிட்ட போறான், அங்க ரகசியக் காகிதம் அவ கையில சிக்குது. அதோட சொத்து, பதவி, ஹுசபி எல்லாம் போச்சு. ராஜா ராணி கதைன்னு நாம படிக்கிறதுல சாதாரணமா போர்க்களம்தான் இருக்கும், இங்க ஒரு ராஜ்ஜிய விவகாரம் புருஷன் பொண்டாட்டி பேச்சுல மாட்டிக்கிட்டு நிக்குது, இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேணும்!

மூணாவது பாகத்துல சீமோன் வர்ற பக்கங்களை மெதுவா படிங்க. அவன் கடைசி வரைக்கும் வாய் திறந்து சொல்லாத ஒரு விஷயம் இருக்கு, அதை இங்க நான் சொல்ல மாட்டேன்.