வாக்குவம் கிளீனர் பழுது: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

வாக்குவம் கிளீனர் மக்கர் செய்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" என்பதுதான். ஐந்து வருடம் தாண்டிவிட்டது என்றால் "போதும், உழைத்துவிட்டது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் மோட்டார் தேய்வது ஓடிய மணிக்கணக்கில்தான். மின்வயரில் ஓடும் வாக்குவம் கிளீனரின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டும் வீட்டில் வருடத்துக்கு 52 மணி நேரம் ஆகிறது. 500ஐத் தொட ஒன்பதரை வருடம் பிடிக்கும். ஐந்து வருட இயந்திரம் பாதி தூரம்தான் வந்திருக்கிறது.

அதனால் வயதை விட்டுவிட்டு, பழுது எங்கே என்று பாருங்கள். காற்று போகும் வழியிலா, மின்சாரம் போகும் வழியிலா, மோட்டாரிலா, பேட்டரியிலா? இடத்தைப் பொறுத்து விடையும் மாறும். எதில் கை வைப்பதற்கு முன்னும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை

இதற்குப் புதிது வாங்குவது சுத்தத் தண்டம். பெரும்பாலும் ஒரு உதிரிபாகம்கூடத் தேவைப்படாது.

குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு, இயந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வைத்து ஓட்டிப் பாருங்கள். கையைக் கவ்விப் பிடித்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது. அடைப்பு குழாயிலோ, கைப்பிடியிலோ, தரையில் தேய்க்கும் தலைப்பகுதியிலோ இருக்கிறது. அங்கேயும் இழுவை இல்லையென்றால் பை, ஃபில்டர், மூடியின் ரப்பர் வளையம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

குழாய்க்குள் ஒரு நாணயத்தைப் போட்டு மறுமுனையில் விழுகிறதா பாருங்கள். பெரும்பாலும் அடைவது கைப்பிடியின் வளைவிலும், தலைப்பகுதியின் கழுத்திலும்தான். கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் கிழியும். துடைப்பக் கட்டையால் தள்ளினால் அடைப்பு இன்னும் இறுகும். குழாயின் மறுமுனையை இயந்திரத்தின் வாயில் பொருத்திப் பிடித்து ஓட்டினால், போன வழியே திரும்பி வந்துவிடும். குழாய் கிழிந்திருப்பது முனையிலிருந்து 10 செ.மீ.க்குள் என்றால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு முனை உறையை மறுபடி திருகிக்கொள்ளலாம். நடுவில் கிழிந்தால் குழாயையே மாற்றுங்கள். டேப் சுற்றினால் வளையும்போதெல்லாம் பிரிந்துகொண்டே இருக்கும்.

மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஸ்பான்ஜ் ஃபில்டரைக் குளிர்ந்த நீரில் அலசி, குறைந்தது 24 மணி நேரம் உலரவிட வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஈரத்தோடு மாட்டினால் அந்த ஈரம் நேராக மோட்டாருக்குப் போய், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் துரு பிடிக்கும். நுண்தூசியைப் பிடிக்கும் காகித மடிப்பு ஹெப்பா ஃபில்டர் வேறு ரகம். கழுவலாம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தால் ஒழிய அதில் தண்ணீர் படக்கூடாது. ஹெப்பாவில் எச்13 என்ற தரத்து ஃபில்டர் மிக நுண்ணிய துகள்களிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கிறது. கழுவி இழை விலகிவிட்டால் அந்தத் தரம் போய்விடும்.

பல வீட்டு வாக்குவம் கிளீனர்களில் உள்ளே இழுக்கப்படும் காற்றே மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. காற்று அடைபட்டால் மோட்டார் சூடேறி, தெர்மல் கட்-அவுட் (சூடு அதிகமானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து நின்றுவிடும். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். பத்து நிமிடத்தில் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் முதலில் ஃபில்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடைப்பு இருக்கும்போது மோட்டாரின் சத்தம் கீச்சென்று உயருவதையும் கவனித்திருப்பீர்கள். திணறுவதால் வரும் சத்தம் இல்லை அது. தள்ளுவதற்குக் காற்றே இல்லாமல் சுமை குறைந்து, வேகம் கூடுகிறது.

தலைப்பகுதியில் உருளை சுற்றவில்லை, ரப்பர் கருகிய வாசனை வருகிறது என்றால் பெல்ட் போய்விட்டது. அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி உருளையை வெளியே எடுங்கள். சுற்றியிருக்கும் முடியை அதன் நீளவாக்கில் பிளேடால் கீறி உருவுங்கள். இரண்டு முனைகளிலும் உள்ள மூடிகளுக்குள்ளும் முடி புகுந்திருக்கும். பெல்ட் அறுவதற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் அதுதான். உருளை கையால் தட்டினால் தானாகச் சுற்ற வேண்டும். அது இறுகிக் கிடக்கும்போது புது பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரமே அறுந்துவிடும். தட்டை பெல்ட் அறாமலே நீண்டு தளர்ந்துபோகும். பல் வைத்த பெல்ட் நீளாது, பல் உதிரும்.

கொஞ்சமும் ஓடவில்லை

இங்கே மல்டிமீட்டர் (மின் அளவுகளைக் காட்டும் கைக்கருவி) இல்லாமல் ஊகத்தில் பாகம் வாங்காதீர்கள். வரிசையாக வாருங்கள்: சாக்கெட்டில் வேறு சாதனம் ஓடுகிறதா, பிளக்குக்குள் பியூஸ் உண்டென்றால் அது சரியா, பிறகு வயர், வயர் சுருளும் ரீல், சுவிட்ச், தெர்மல் கட்-அவுட், கடைசியாக கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும், தேயும் கரித்துண்டு). பிடுங்கிய பிளக்கின் இரண்டு முனைகளுக்கிடையே, சுவிட்சை ஆன் நிலையில் வைத்து அளந்தால் சில ஓம்கள் காட்ட வேண்டும். வேகக் கட்டுப்பாடு உள்ள மாடல்களில் நடுவில் எலக்ட்ரானிக் போர்டு இருப்பதால் இந்த அளவீடு ஏமாற்றும். அப்போது மோட்டாரின் முனைகளிலேயே தனியாக அளக்க வேண்டும்.

வயர் அறுவது இரண்டு இடங்களில்: பிளக்கின் கழுத்திலும், இயந்திரத்துக்குள் நுழையும் இடத்திலும். மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து வயரை அந்த இடங்களில் வளைத்துப் பாருங்கள். பீப் சத்தம் விட்டுவிட்டு வந்தால் அந்த இடத்தை 15 செ.மீ. வெட்டிவிட்டு, பிளக் பக்கம் என்றால் புது பிளக் போட்டால், இயந்திரத்தின் பக்கம் என்றால் உள்ளே மறுபடி இணைத்தால் வேலை முடிந்தது.

ரீல் பழுதானால் இரண்டு வழி. ஒன்று, ரீலையே சரிசெய்வது. அதன் பக்கவாட்டில் வட்டத் தகடுகள் மேல் வழுக்கிப்போகும் தொடுமுனைகள் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தொடுமுனையைச் சற்று நிமிர்த்திவிட்டால் சரியாகும். சுருள் ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தை மட்டும் திறக்காதீர்கள். விரிந்து தெறித்தால் கையைக் கிழிக்கும். இன்னொன்று, ரீலை எடுத்துவிட்டு வயரை நேராக சுவிட்சுக்குக் கொண்டுபோவது. சுருட்டும் வசதி போகும், ஆனால் இனி அந்த இடத்தில் பழுதே வராது. வயரின் பருமன் பழையதற்குக் குறையாமல் இருக்கட்டும், உள்ளே இழுபடாமல் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். எங்கள் ஓட்டு இரண்டாவது வழிக்கே. ரீலை வைத்துக்கொள்பவர்கள் ஓட்டும்போது வயரை முழுதாக வெளியே இழுத்துவிட வேண்டும். சுருண்ட வயர் சூடேறி உறை உருகும்.

சுவிட்ச் மலிவான பாகம். அதன் மேல் பொறித்த ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் போதும். எலக்ட்ரானிக் போர்டு மட்டும் வீட்டு மின் இணைப்போடு நேரடியாகச் சேர்ந்திருப்பது, அனுபவம் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

மோட்டார்: கார்பன் பிரஷ்ஷா, பேரிங்கா, முழு மோட்டாரா?

சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்விக்கு உண்மையிலேயே யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரே மோட்டாரில் மூன்று பழுது, மூன்றுக்கும் மூன்று தீர்ப்பு.

தட்டினால் ஓடுகிறது, விட்டுவிட்டு ஓடுகிறது, காற்றுத் துவாரத்தில் பொறி தெரிகிறது என்றால் கார்பன் பிரஷ். இருபுறமும் உள்ள ஹோல்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். 6 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அகலம், தடிமன் இரண்டும் பழையதோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும். சற்றுப் பெரியது ஹோல்டரில் சிக்கிக்கொண்டு தொடாமல் நிற்கும்.

புதியதைப் போடுமுன் கம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ் தொடும் செம்புத் தகட்டு வளையத்தை, டார்ச் அடித்துப் பாருங்கள். செம்புத் தகடுகள் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் ஆரோக்கியம். ஓரிரு தகடுகள் மட்டும் கருகிக் குழிந்திருந்தால் ஆர்மேச்சர் சுற்று (மோட்டாரின் சுழலும் பகுதியில் உள்ள கம்பிச் சுற்று) போயிருக்கிறது, பிரஷ் மாற்றிப் பயனில்லை. மீட்டரில் அடுத்தடுத்த தகடுகளுக்கிடையே எல்லாம் ஒரே அளவு காட்ட வேண்டும். எந்தத் தகட்டுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே தொடர்பே காட்டக்கூடாது. தேறினால் உப்புத்தாள் துண்டால் இலேசாகத் துடையுங்கள். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும். புது பிரஷ் வளைவுக்கு ஏற்பப் படிய, முதல் பத்து நிமிடம் சீரீஸ் பல்ப் வைத்தோ (மோட்டாரோடு தொடராக ஒரு பல்பை இணைத்தோ) குறைந்த வேகத்திலோ ஓட்டுவது நல்லது. புது பிரஷ்ஷில் ஆரம்பத்தில் சிறு நீலப்பொறி வரும், பயப்பட வேண்டாம். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்துங்கள்.

கிறீச்சென்ற அலறல், அணைத்த பிறகு சடக்கென்று நிற்பது: பேரிங். பல மோட்டார்களில் 608 எண் பேரிங்தான், 8 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. அகலம். பாகம் அற்ப விலை. ஆனால் விசிறியின் தகர மூடி அழுத்திப் பொருத்தப்பட்டது. நெம்பித் திறந்து மறுபடி மூடும்போது சிறிது கோணினாலும் விசிறி உரசும். நிமிடத்துக்கு 20,000, 30,000 சுற்று ஓடும் தண்டில் சமநிலை கொஞ்சம் தவறினாலும் புது பேரிங்கும் சீக்கிரமே அலறும். பேரிங் இழுக்கும் புல்லரும், பழகிய கையும் இருந்தால் செய்யலாம். மற்றவர்களுக்கு முழு மோட்டாரே லாபம்.

முழு மோட்டார் வாங்கும்போது வோல்ட், வாட், வெளிவிட்டம், மொத்த உயரம், விசிறிப் பகுதியின் உயரம் ஐந்தையும் எழுதிக்கொண்டு போங்கள். கூடுதல் வாட் உள்ளதைப் போட்டால் இழுவை கூடும் என்ற ஆசை வேண்டாம். அந்தக் கூண்டின் காற்றோட்டம் பழைய வாட்டுக்கு அளந்து வைத்தது.

செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்பது பலரும் சொல்லும் கணக்கு. அதில் ஒரு ஓட்டை உண்டு. மோட்டாரோடு சேர்த்து அடுத்த ஒரு வருடத்தில் மாற்ற வேண்டிவரும் குழாய், உருளை, ஃபில்டர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையைப் புதியதோடு ஒப்பிடுங்கள். உடலும் குழாயும் திடமாக இருக்கும் நல்ல இயந்திரத்துக்குப் புது மோட்டார் தகும். பூட்டு உடைந்து, மூடி சரியாக உட்காராத இயந்திரத்துக்கு எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், காற்று கசியும் பெட்டிக்குள் புது மோட்டாரும் வீண்.

உலர்தூசிக்கான இயந்திரத்தில் தண்ணீரை இழுத்துவிட்டாலோ, சிமென்ட் தூளையும் சாம்பலையும் வாரியிருந்தாலோ மோட்டார் முழுதாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நுண்தூள் பையின் துளைகளை அடைத்து, மிச்சம் பேரிங் வரை போய்விடுகிறது.

வயரில்லாத ரகம்

இதில் கணக்கே வேறு. பேட்டரிதான் முதலில் சாகும். ஆனால் ஓரிரு விநாடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பல மாடல்களில் அது அடைப்பின் அடையாளம். தூசிக்கூடு, குழாய், ஃபில்டர் மூன்றையும் கழற்றிவிட்டு இரண்டு மூன்று விநாடி மட்டும் ஓட்டுங்கள். சீராக ஓடினால் காற்று வழி. அப்போதும் சில விநாடியில் செத்துப்போனால் பேட்டரி.

உள்ளே பெரும்பாலும் 18650 ரக லித்தியம் செல்கள், ஆறு தொடராக இருந்தால் 21.6 வோல்ட், ஏழென்றால் 25.2 வோல்ட். ஒரு செல் பலவீனப்பட்டாலும் பாதுகாப்பு போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். கம்பெனி பேட்டரி, வெளிக் கம்பெனி பேட்டரி, செல்லை மட்டும் மாற்றுவது என மூன்று வழி. மூன்றாவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை: ஸ்பாட் வெல்டிங் வேண்டும், செல்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும், சில போர்டுகள் செல்லைப் பிரித்ததும் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். வெளிக் கம்பெனியில் வாங்கினால் திறன் எண்ணைச் சந்தேகத்தோடு பாருங்கள். அதிக மின்னோட்டம் தரும் 18650 செல் பொதுவாக 2,500 முதல் 3,000 மில்லி ஆம்பியர் மணி வரைதான். செல்களைத் தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும், இந்த எண் கூடாது; அதனால் ஆறே செல் கொண்ட பேக்கில் 6,000 என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

இவற்றில் பலவற்றில் இருக்கும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், போர்டோடு ஒட்டிய ஒரே பாகம். பிரித்துச் சரிசெய்ய இடமில்லை. மூன்று நான்கு வருட இயந்திரத்தில் மோட்டாரும் போய் பேட்டரியும் தளர்ந்திருந்தால் தயங்காமல் மாற்றலாம். பேட்டரி மட்டும் என்றால், கிளிக் செய்து கழற்றும் வகையாக இருந்தால் மாற்றிப் போடுங்கள்.

மாற்றுவது என்றே முடிவானால்

வயரும் பையும் உள்ள, தரையில் இழுத்துச் செல்லும் கேனிஸ்டர் வகை, வயர் உண்டு பையில்லாதது, வயரில்லாத கம்பு வகை: நீண்ட நாள் உழைப்பதென்றால் வரிசையும் இதுதான். பையே ஒரு ஃபில்டராக நின்று மோட்டாரைக் காக்கிறது. பையில்லாததில் அந்தப் பொறுப்பு நீங்கள் ஃபில்டரைக் கழுவும் ஒழுங்கில் இருக்கிறது. கம்பு வகை தினமும் இரண்டு நிமிடம் கூட்டுவதற்கு அருமை, கனத்த கம்பளத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. வாட்டைப் பார்த்து வாங்க வேண்டாம், அது மின்சாரச் செலவின் அளவு, இழுவையின் அளவல்ல. கடையிலேயே பை, ஃபில்டர், பெல்ட், பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கூடு பசையால் ஒட்டியதா, திருகு போட்டதா என்று கவிழ்த்துப் பாருங்கள்.

பழையதை அப்படியே எறியாதீர்கள். குழாய் முனையின் விட்டம் ஒத்துப்போனால் தலைப்பகுதியும் கம்பும் புதியதில் சேரும். லித்தியம் பேட்டரி குப்பையில் போகவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெளியே வைத்துவிட்டு, உடனே மின்கழிவு சேகரிப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.