பல்லுக்குக் கிரவுண் போடப் போற திருமலை ஆக்கள் இத வாசிச்சிட்டுப் போங்கோ

திருமலை டவுனுக்குள்ள இருக்கிற ஒரு தனியார் பல் கிளினிக்ல எனக்கு நடந்தத எழுதுறன், பேர் போடேல்ல, ஆனா இந்த மாதிரி வேலை எங்கயும் நடக்கலாம் எண்டபடியா கட்டாயம் வாசியுங்கோ.

கீழ்க் கொடுப்புப் பல்லு ஒண்டு சூத்தையாகி, வேர் சிகிச்சை செய்து அதுக்கு மேல சிர்கோனியா எண்ட செரமிக்கில செய்த கிரவுண் (பல்ல மூடுற கவசம்), 55,000 ரூபா. லாப்ல இருந்து வரேக்க நல்லா மினுங்கினது, கையில வாங்கிப் பாத்தனான். வைச்சுப் பாத்தா உயரமா இருக்கு, பக்கத்துப் பல்லோட இறுக்குது எண்டு நீலத்தாள் கடிக்கக் குடுத்துக் குடுத்து மெசினால அராவினவர். அதில பிழையில்லை, கடி சரிபாக்க எல்லா டொக்டர்மாரும் அப்பிடித்தான் செய்வினம். பிழை அதுக்குப் பிறகுதான். அராவின கையோட சீமெந்து வைச்சு ஒட்டிப்போட்டு "சரி, கொப்பளிச்சிட்டு எழும்புங்கோ" எண்டார், பொலிஷ் எண்ட கதையே இல்லை, வெளியில ஆக்கள் காத்துக்கொண்டு நிண்டவை, அவருக்கு அவசரம்.

அண்டைக்கு இரவே நாக்கு அந்த இடத்தில போய்ப் போய் முட்டுது, ஒரே சொரசொரப்பு. ஃபோன் லைட் அடிச்சுக் கண்ணாடியில பாத்தா கிரவுண் முழுக்க மினுங்குது, அராவின இடம் மட்டும் சோக்கட்டி மாதிரி வெளிறிக் கிடக்கு. ஃப்ளொஸ் நூல் விட்டா பிஞ்சு இழை இழையா வருது. கொஞ்ச நாளில முரசு சிவந்து வீங்கி, பிரஷ் பண்ணினா இரத்தம், வாய் மணம். மற்றப் பல்லு ஒண்டிலயும் இல்லை, அந்த ஒரு பல்லச் சுத்தி மட்டும்தான்.

திரும்பப் போய்ச் சொன்னா "தங்கச்சி நீங்க ஒழுங்கா பிரஷ் பண்றேல்ல" எண்டார். க்ளீன் பண்ணோணும் எண்டு காசு, மாறேல்ல எண்டு போனா திரும்பவும் க்ளீனிங் திரும்பவும் காசு. கடைசியா என்ன சொன்னவர் தெரியுமா, உங்கட முரசுக்கு இந்தக் கிரவுண் ஒத்துவரேல்ல, கழட்டிப்போட்டுப் புதுசு செய்வம், அதுக்கும் முழுக்காசு! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வேற ஒரு டொக்டரிட்ட போனன். அவ பாத்த உடனயே "அராவின இடம் பொலிஷ் பண்ணவே இல்லையே அம்மா" எண்டா. அவ விளங்கப்படுத்தினதையும் பிறகு நான் தேடி வாசிச்சதையும் சேத்துச் சொல்லுறன். செரமிக் நல்ல வழுவழுப்பா இருந்தா எங்கட சொந்தப் பல்ல விடவும் குறைவாத்தான் அழுக்குப் பிடிக்கும். அராவினா மேல இருக்கிற க்ளேஸ் எண்ட கண்ணாடி மாதிரிப் பூச்சுப் போய், கண்ணுக்குத் தெரியாத கீறலும் குழியும் விழுந்திடும். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைப் பாக்டீரியா எல்லாப் பல்லிலயும் ஒட்டுறதுதான், வழுவழுப்பான இடத்தில பிரஷ் போட்டா போயிடும், குழிக்குள்ள இருக்கிறதுக்குப் பிரஷ் நார் எட்டாது, அங்க இருந்து பெருகிப் படை படையாக் கட்டும். சொரசொரப்புக்கு 0.2 மைக்ரோமீட்டர் எண்டு ஒரு எல்லை 1997ல வந்த ஆய்வுக் கட்டுரையில சொல்லியிருக்கினம், அதுக்கு மேல போகப் போக பாக்டீரியா சேருறது கூடும், அதுக்குக் கீழ இறக்கினாலும் பெரிய வித்தியாசம் வராது.

சொரசொரப்பான சிர்கோனியா எதிர்ப்பக்கத்துப் பல்லையும் தேய்க்கும். எனக்கு மேல் பல்லு கூசத் தொடங்கினதும் அதாலதானாம், அந்த எனாமல் இனித் திரும்பி வராது. இன்னொண்டு, க்ளீன் பண்ணுற மெசின்ட முனையும் செரமிக்கக் கீறும், அப்ப அந்தாள் காசு வாங்கி வாங்கிச் செய்த க்ளீனிங்கே நிலைமையக் கூட்டியிருக்கலாம். நினைக்க நினைக்க ஆத்திரம் வருது.

இவ கிரவுணக் கழட்டவே இல்லை. டயமண்ட் தூள் கலந்த ரப்பர் முனை, முதல் கரடு, பிறகு நைஸ், பிறகு அதவிட நைஸ், சூடாகாமத் தண்ணி அடிச்சு அடிச்சு மெதுவாப் பிடிச்சவ, பல்லிடுக்குக்குள்ள மெல்லிய பட்டி ஒண்ட விட்டு இழுத்தவ, கடைசியா டயமண்ட் பேஸ்ட். அரை மணித்தியாலம் கூட எடுக்கேல்ல. இப்ப ஃப்ளொஸ் பிய்யாம வருது, இரத்தமும் நிண்டிட்டுது.

ஒட்ட முதல் வாயத் திறந்து கேளுங்கோ, அராவின இடத்துக்கு லாப்ல திரும்ப க்ளேஸ் போடுவீங்களா இல்ல இங்கயே பொலிஷ் பண்ணுவீங்களா எண்டு. க்ளேஸ் சூளையில சுட்டுத்தான் போடுறது, ஒட்டினாப் பிறகு சூளையில வைக்க ஏலாது, வாய்க்குள்ள பொலிஷ் மட்டும்தான். கதிரையால எழும்ப முதல் நாக்கால தடவிப் பாருங்கோ, ஃப்ளொஸும் விடச் சொல்லுங்கோ. ஏற்கனவே போட்டு இப்பிடி இரத்தம் வாற ஆக்கள் புதுக் கிரவுணுக்குக் காசு கட்ட முதல் இன்னொரு டொக்டரிட்டக் காட்டுங்கோ. என்ன பொருள் எண்டு பில்லில எழுதி வாங்குங்கோ, டொக்டர் இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சவரா எண்டும் பாருங்கோ.

க்ளீனிங் காசத் திருப்பித் தரச்சொல்லி பில் கொப்பியோட அந்தக் கிளினிக்குக்கு எழுதிக் குடுத்திருக்கிறன், இன்னும் ஒரு பதிலும் இல்லை. வராட்டி மருத்துவ சபைக்கு முறைப்பாடு போடுவன்.