சிறகை வெட்டிப் பழக்குவதா, தினைக்கதிர் காட்டிப் பழக்குவதா?

கையைக் கண்டாலே கூண்டின் மூலைக்கு ஒதுங்கும் காக்டெயில் என்ற சின்னக் கொண்டைக் கிளியை எப்படிப் பழக்குவது என்று கடலூரிலோ புதுச்சேரியிலோ பறவை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வழிகளைத்தான் சொல்வார்கள். சிறகின் நீள இறகுகளை வெட்டிவிட்டு, துணி போட்டுப் பிடித்து, கைக்குள் வைத்து வைத்துப் பயம் தெளிய வைப்பது ஒன்று. பிடிக்கவே பிடிக்காமல், தினைக்கதிரைக் காட்டி அதுவாக வரும்வரை பொறுத்திருப்பது இன்னொன்று. கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் காக்டெயிலுக்கு இரண்டாவது வழியைத்தான் எடுத்தோம். யார் கேட்டாலும் நான் சொல்வதும் அதைத்தான்.

முதல் வழியின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வேகம் அதில்தான். பறக்க முடியாத பறவை வேறு வழியின்றிச் சில நாட்களிலேயே விரலில் ஏறிவிடும். மின்விசிறியில் அடிபடும் பயமும் குறையும், ஆனால் அதற்கு விசிறியை நிறுத்தினாலே போதும். செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கைக்குள் இறுக்கிப் பிடிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை, நமக்கு இருப்பதுபோலப் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும். நூறு கிராம் சொச்சம் எடையுள்ள உயிரை நெஞ்சைச் சுற்றிப் பிடித்தால், கழுத்து சும்மா இருந்தாலும் மூச்சு முட்டும். அது துடிப்பதை நிறுத்தியதும் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது பயத்தில் உறைந்து போயிருக்கும்.

ஆனாலும் நான் வெட்ட வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு முக்கியக் காரணம் இறகு திரும்ப முளைப்பதுதான். வெட்டிய இறகு அப்படியே நின்றுவிடாது. இறகுதிர்க்கும் பருவத்தில் அந்தக் கட்டை விழுந்து, சில மாதங்களில் புதிது வந்துவிடும். அப்போது மறுபடி பிடிக்க வேண்டும், விரிக்க வேண்டும், வெட்ட வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும். தெரியாமல் அதை வெட்டிவிட்டால் ரத்தம் கொட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கையை அது நம்ப வேண்டுமோ, பெரும்பாலும் அதே கைதான் பிடித்து வெட்டுகிறது. இத்தனை மாதம் சேர்த்த நெருக்கம் அன்றைக்கே போய்விடும். ஒருமுறை வெட்டினால் போதும், முளைப்பதற்குள் பழகிவிடும் என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அது நம்மிடம் விரும்பி இருக்கிறதா, போக முடியாமல் இருக்கிறதா என்பது சிறகு முளைத்த பிறகுதானே தெரியும்? அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது வழிக்கு வேண்டியது ஒரு கொய்யாக் குச்சியும் தினைக்கதிரும்தான். பறவைக்கடைகளில் மில்லட் ஸ்ப்ரே என்று விற்பதும் தினைக்கதிர்தான். கிண்ணத்தில் வழக்கமான தீனி இருக்கட்டும். பட்டினி போடவே கூடாது, சின்னப் பறவை தாங்காது. தினைக்கதிர் மட்டும் நம் கையிலிருந்துதான் கிடைக்க வேண்டும். முதலில் கதிரை நீளமான குச்சியின் நுனியில் கட்டி நீட்டுங்கள். அது பயமில்லாமல் தின்னத் தொடங்கியதும் குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அப்புறம் வெறும் கை. அதற்கும் அப்புறம்தான் விரல். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்துதான். அதனால் எப்போதும் கீழிருந்து, நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோங்கள்.

தினையைவிட முக்கியமானது கையைப் பின்னுக்கு இழுக்கும் நேரம். காக்டெயில் உடலை ஒடுக்கிக்கொண்டு, கொண்டையைச் செங்குத்தாக நிறுத்தினால் பயந்திருக்கிறது. கொண்டையைப் படுக்க வைத்துச் சீறினால் இன்னும் நெருங்காதே என்கிறது. அது நகர்வதற்கு முன்னால் நம் கை நகர்ந்துவிட வேண்டும். தான் சொன்னதை இந்தக் கை கேட்கிறது என்று புரிந்துவிட்டால், அடுத்த முறை இன்னும் ஒரு விரற்கடை நெருங்க விடும். இதில் பொறுமை நிறைய வேண்டும். பல வாரம் ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும். ஆனால் சிறகு வெட்டுவதுபோலத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பராமரிப்பு என்று எதுவும் இல்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தால் எங்கள் பறவை ஒரு படி பின்வாங்கும், மறுபடி கதிரைக் காட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கூண்டை உள்ளறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. குச்சியை நீட்டினேன், ஏறிச் சின்னக் கூண்டுக்குள் போய்விட்டது. துரத்திப் பிடிக்க வேண்டிய பறவையாக இருந்தால் அந்த இருட்டில் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

நான் தனியாக வளர்த்தது காக்டெயிலைத்தான். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜிகள் ஜோடியாக இருந்தால் ஒன்றையொன்றுதான் கவனிக்கும், அதற்கு இன்னும் காலம் பிடிக்கலாம். பெரிய கிளிகளைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. பச்சைக்கிளிக்கு இந்தப் பேச்சே வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கவே கூடாது.

துண்டு போட்டுப் பிடித்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. நோய் வந்து புதுச்சேரி குரும்பாப்பேட்டு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு மருத்துவரிடமோ கொண்டுபோகும்போது யோசிக்காமல் பிடியுங்கள். முடிந்தால் தினம் தினை கொடுப்பவர் பிடிக்காமல், வீட்டில் இன்னொருவர் பிடிக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அண்ணனுக்கு.