க்வெரி ட்ராக்கர்: 74 கடிதங்கள், 27 மாதங்கள்

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். உப்பளத்தில் பாடுபட்ட ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை ஆங்கிலத்தில் நாவலாக எழுதி, 94,000 சொற்களில் முடித்து, எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் நாவலை விற்றுத்தரும் அமெரிக்க, பிரிட்டிஷ் ஏஜென்ட்களுக்கு அனுப்பத் தொடங்கி 27 மாதங்கள் ஆகின்றன. இந்த 27 மாதமும், ஏஜென்ட்களைத் தேடவும் அவர்களுக்கு எழுதிய கடிதங்களைக் குறித்து வைக்கவும் உதவும் க்வெரி ட்ராக்கர் தளத்தை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன். முதல் மூன்று மாதம் இலவசக் கணக்கு, அப்புறம் கட்டணக் கணக்கு. இதே வழியில் இறங்க நினைக்கும் தமிழர்கள் சிலர் என்னிடம் விசாரித்ததால் விவரமாகவே எழுதுகிறேன்.

தமிழில் எழுதுகிறவருக்கு ஏஜென்ட் என்ற ஆளே தேவைப்படுவதில்லை. கையெழுத்துப் பிரதியை நேராகப் பதிப்பாளரிடம் கொடுக்கிறோம், சென்னை புத்தகக் காட்சிக்கு வருமா என்று கேட்கிறோம். அமெரிக்காவில் அப்படி நடக்காது. பெங்குயின் ரேண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ் போன்ற ஐந்து பெரிய பதிப்பகங்களும் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வராத நாவலைப் படிப்பதே இல்லை. ஏஜென்ட் நாவலை விற்றுக்கொடுத்தால் எழுத்தாளரின் வருமானத்தில் 15 சதவீதம் அவருக்கு. வெளிநாட்டு உரிமை என்றால் வழக்கமாக 20. விற்கும்வரை ஒரு பைசா கேட்கக்கூடாது. படித்துப் பார்க்கக் கட்டணம் கேட்கிற ஆளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அந்த ஏஜென்டைப் பிடிப்பதற்கு எழுதும் கடிதத்துக்குப் பெயர்தான் க்வெரி. சுமார் 300 சொல். கதை யாருடையது, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, அண்மையில் வந்த இரண்டு நாவல்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். கூடவே முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கம். பிரிட்டனில் பலர் முதல் மூன்று அத்தியாயமும் கதைச்சுருக்கமும் கேட்பார்கள். பாத்தி, வாருபலகை, வரப்பு எல்லாவற்றையும் 300 சொல்லில் மன்ஹாட்டனில் இருக்கிறவருக்குப் புரியவைக்க எனக்கு நான்கு மாதமும் 22 வரைவும் ஆயின. அதில் வீணான நாள் ஒன்றுகூட இல்லை. அந்த வரைவுகளில்தான் என் நாவல் யாருடைய கதை என்பதே எனக்குத் தெளிந்தது.

சரி, தளத்துக்கு வருகிறேன். 2007 முதல் இயங்குகிறது. ஏஜென்ட்களின் பட்டியல், யார் எந்த வகை நூலை எடுக்கிறார், இப்போது க்வெரி வாங்குகிறாரா, கதவைச் சாத்தியிருக்கிறாரா என்பதெல்லாம் இருக்கும். நாம் அனுப்பிய தேதியையும் வந்த பதிலையும் அதில் குறித்து வைக்கலாம். எல்லாரும் இப்படிக் குறிப்பதால் ஒவ்வொரு ஏஜென்டும் எத்தனை நாளில் பதில் போடுகிறார், எத்தனை பேரிடம் முழு நாவலைக் கேட்டிருக்கிறார் என்ற கணக்கு தானாகவே சேர்ந்துவிடுகிறது. இதெல்லாம் பயனர்கள் தாங்களாகவே பதிந்தது. பதியாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் அந்த எண்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஏஜென்ட்களைப் பற்றித் தகவல் தாராளமாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் ஏஜென்ட்களைப் பற்றிக் குறைவு. நான் எழுதிய இந்திய ஏஜென்ட்களைத் தனியாக எக்செல் தாளில்தான் வைத்துக்கொண்டேன்.

இதன் உடன்பிறப்பு க்வெரி மேனேஜர். அது ஏஜென்ட்கள் பயன்படுத்துவது. மின்னஞ்சலுக்குப் பதிலாகப் படிவத்தில் நிரப்பி அனுப்புகிறோம். சேர்ந்தது என்று உடனே தகவல் வரும், நிலையைப் பார்க்க ஓர் இணைப்பும் வரும். வெறும் மின்னஞ்சலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததா, குப்பைப் பெட்டியில் விழுந்ததா என்ற சந்தேகம் மாதக்கணக்கில் அரிக்கும். எனக்கு வாய்ப்பிருந்தால் எப்போதும் படிவத்தையே தேர்ந்தெடுப்பேன்.

கட்டணக் கணக்கு நான் சேர்ந்தபோது ஆண்டுக்கு 25 டாலர். ரூபாயில் இரண்டாயிரத்துக்குச் சற்று மேல். நம் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக முடக்கப்பட்டே இருக்கும், வங்கி ஆப்பில் அதை முதலில் இயக்கிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் எனக்கு மூன்று முறை பணம் போகவில்லை.

கட்டணத்துக்குக் கிடைப்பதில் முக்கியமானது டைம்லைன். ஓர் ஏஜென்டுக்கு எந்த எந்த நாளில் க்வெரி போயிருக்கிறது, எதற்கு என்ன பதில் என்று வரிசையாகக் காட்டும். அவர் இப்போது மார்ச் மாதக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார், என்னுடையது மே மாதம், அதனால் இன்னும் கை வைத்திருக்கமாட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே பணம் கட்டலாம். அதைப் பார்க்குமுன், பதில் வராத ஒவ்வொரு வாரத்தையும் என் எழுத்தின்மீதான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டேன். பார்த்தபின் அது ரேஷன் கடை வரிசை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு முன்னால் இத்தனை பேர், அவ்வளவுதான்.

ஆனால் அதே டைம்லைன் இன்னொன்றும் செய்தது. எனக்கு முன்னால் அனுப்பியவருக்குப் பதில் வந்துவிட்டது, பின்னால் அனுப்பியவருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை என்றால், என் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார் என்று மனம் கட்டிக்கொள்ளும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை ஆறரை, அவர்கள் குளிர்காலத்தில் ஏழரை. எட்டு மாதம் தினமும் அந்த நேரத்துக்கு விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு ஃபோனோடு உட்கார்ந்தேன். அம்மா அடுக்களையிலிருந்தே கேட்பாள்: "ஏட்டி, அமெரிக்கா தபாலு வந்துட்டா?" அப்படி என்னைத் தாண்டிப் போனதாகத் தெரிந்தது ஒன்பது முறை. அதில் ஏழு கடைசியில் மறுப்பாகவோ மௌனமாகவோதான் முடிந்தது. ஒன்பதாவது மாதம் ஒரு விதி வைத்தேன்: ஞாயிறு காலை மட்டும் தளத்தைத் திறப்பது. அப்புறம்தான் அடுத்த நாவலில் ஒரு பக்கமாவது எழுத முடிந்தது.

என் கணக்கு இது. 74 க்வெரி. 31 மறுப்பு, அநேகமாக எல்லாம் அச்சடித்தாற்போன்ற ஒரே வாசகம். 37 பேர் பதிலே போடவில்லை. 6 பேர் பக்கங்கள் கேட்டார்கள். அவர்களில் இருவர் முதல் 50 பக்கம், நால்வர் முழு நாவல்.

அந்த 37 பற்றிச் சொல்லியாக வேண்டும். பல ஏஜென்ட்கள் தங்கள் பக்கத்திலேயே, இத்தனை வாரத்தில் பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் என்று எழுதிவிடுகிறார்கள். வாரம் நூறு கடிதம் வந்து விழும் ஆளுக்கு வேறு வழி கஷ்டம்தான், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது சரியான வழக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. என் சித்தப்பா எண்பதுகளில் வாரப் பத்திரிகைகளுக்குச் சிறுகதை அனுப்புவார். தபால்தலை ஒட்டிச் சொந்த விலாசம் எழுதிய உறையைக் கூடவே வைப்பார். கதை திரும்பி வரும். வந்த அன்றைக்கே உறையை மாற்றி வேறு பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார். திரும்பி வந்த உறை ஒரு பதில், அதை வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். தளத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: பதிலில்லாமல் முடிந்தது என்று நாமே குறித்து, பட்டியலில் அந்தக் கடிதத்துக்கான வரியை மூடலாம். 12 வாரம் தாண்டினால் மூடிவிடுவேன். மூடிய அன்றே புதிதாக ஒருவருக்கு அனுப்புவேன். முழு நாவலை வாங்கிக்கொண்டவர் விஷயம் வேறு. அவருக்கு மூன்று மாதம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். நால்வரில் ஒருவர் 14 மாதமாகப் பேசவில்லை; மூன்று நினைவூட்டல் போயிற்று. அந்த வரியை மூட மட்டும் எனக்கு இன்னும் கை வரவில்லை.

தளம் எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது ஓர் இடத்தில். பத்தாவது மாதம் ஒரு ஏஜென்ட் முழு நாவலையும் படித்துவிட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். பாட்டியின் குரல் நடுவில் காணாமல் போகிறது, அதைக் கடைசிவரை கொண்டுவந்தால் மறுபடி பார்க்கிறேன் என்றார். அவர் சொன்னது சரி. பாட்டி உப்பு வாரிய கைகளைப் பற்றி எழுத எனக்குப் பயமாக இருந்ததால்தான் நடுவில் விட்டிருந்தேன். ஐந்து மாதம் திருத்தி அனுப்பினேன். நான்கு மாதம் சத்தமில்லை. ஒரு ஞாயிறு தளத்தைத் திறந்தால், அவர் பக்கத்தில் அந்த நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார் என்று இருக்கிறது. நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு வரிகூட வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அங்கேயே இன்னொருவருக்கு எழுதலாமா என்று பார்த்தேன். ஒருவர் மறுத்தால் எல்லாரும் மறுத்ததாகக் கொள்ளும் இடம் அது, அதனால் அவசரப்படவில்லை. அவருடைய பக்கத்தைத் தொடர்ந்து பார்த்துவந்தேன். மூன்று மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தின் பெயரோடு அவர் மீண்டும் வந்தார், க்வெரி வாங்குகிறார் என்ற குறிப்போடு. அன்றிரவே படிவத்தை நிரப்பினேன். பழைய கடிதத்தின் தேதியையும் சொன்னேன். இரண்டு வாரத்தில் திருத்திய நாவலைக் கேட்டார். தளம் இல்லாவிட்டால் அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

யாருக்கு இது வேண்டும், வேண்டாம்? பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் அனுப்பப் போகிறீர்கள் என்றால் இலவசக் கணக்கே போதும். ஐம்பதைத் தாண்டும் என்றால் ஓர் ஆண்டு கட்டிப் பாருங்கள். மொத்தமாக அனுப்பாமல் எட்டு பத்தாகப் பிரித்து அனுப்புங்கள். ஒரு சுற்று முழுக்க மறுப்பு வந்தால் கடிதத்தைத் திருத்த இடம் இருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் அனுப்பாதீர்கள், பலர் அப்போது கதவைச் சாத்தியிருப்பார்கள். அக்டோபரில் ஃபிராங்க்பர்ட் புத்தகச் சந்தை, வசந்தத்தில் லண்டன் சந்தை. அந்த வாரங்களிலும் பதிலை எதிர்பார்க்க வேண்டாம். பணம் பறிக்கும் ஆட்களைப் பற்றி எச்சரிக்கும் ரைட்டர் பிவேர் என்ற தளத்தையும் தேடிப் பாருங்கள். அது இலவசம். எனக்கு ஒரு நிறுவனத்திடமிருந்து வந்த ஒரே ஒரு சம்மதக் கடிதத்தில் திருத்தத்துக்கு 1,800 டாலர் கேட்டிருந்தார்கள். ரைட்டர் பிவேரைப் பார்த்துத்தான் விலகினேன். அந்த இடத்தை நான் 74-இல் சேர்க்கவே இல்லை.

திருத்திய நாவலை அனுப்பி இன்றோடு 11 வாரம். புது வரி போடவில்லை. பழைய வரியிலேயே தேதியை மாற்றியிருக்கிறேன்.