ஐரோப்பா போக ஏஜென்சிக்குக் காசு கட்டப் போகிறவர்கள் வாசியுங்கள்: எங்கள் 9 இலட்சத்து 40 ஆயிரம் போன விதம்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர், கூட்டாளிமாரைப் பார்க்கப் போக நினைக்கும் மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் எல்லோருக்கும் இது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 9 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். என் கணவரின் பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்ததும் நான் கட்டி எடுத்த சீட்டுக் காசும்.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். நகரத்துக்குள் இருக்கிற ஒரு பயண முகவர் நிலையம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்க ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நிற்கிற நம்முடைய ஆட்களின் படங்கள். அவ்வளவோடு நிற்பாட்டுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். என் கணவரோடு படித்தவர்கள் 80களின் கடைசியில் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். ஒருவர் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில், ஒருவர் சுவிசில் பேர்ன் நகரத்தில், ஒருவர் ஜெர்மனியில் ஹம்மில். என்னோடு கலாசாலை விடுதியில் ஒரே அறையில் இருந்தவள் ஒஸ்லோவில். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பேர்னில் இருப்பவர் பைபாஸ் செய்து வீட்டோடு இருக்கிறார். "வாறதெண்டா இப்ப வாங்கடா, பிறகு வந்து ஆரைப் பார்க்கப் போறீங்க" என்று அவர்தான் தொடங்கி வைத்தார்.

முதலில் பாரிஸ். அங்கேயிருந்து சூரிச்சுக்கு நேர் ரயில் இருக்கிறது, நாலு மணித்தியாலம். சூரிச்சிலிருந்து பேர்ன் இன்னுமொரு மணித்தியாலம். பேர்னில்தான் கூட நாள். அப்புறம் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர், முடிய ஒஸ்லோ. இதை என் கணவர் ஒரு சிஆர் கொப்பியில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். எங்கேயும் ஹோட்டல் இல்லை. எல்லா இடமும் வீடுகள்தான்.

அந்தக் கொப்பியோடுதான் கடைக்குப் போனோம். முதலாளிப் பொடியனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எழும்பி நின்று கதிரை இழுத்துப் போட்டான். "சேர், நீங்க என்ர அண்ணனுக்கு மெட்ஸ் படிப்பிச்சிருக்கீங்க" என்றான். அது உண்மையும் கூட, இவருக்கு அந்த அண்ணனின் பெயர் ஞாபகம் வந்தது. கொப்பியை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தான். "இது கூட்டாளிமாரைப் பார்க்கிற பயணம். டூர் இல்ல. இத நான் வேற மாதிரிச் செய்து தாறன். டீச்சர், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, உங்கட பிள்ளை செய்யிறன் எண்டு நினைங்க." பேர்ன் கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்து, போனை மேசையில் வைத்து, அவரோடும் கதைத்தான். "அங்கிள், நீங்க மருந்தைக் குடிச்சிற்று இருங்க, சேரைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்ர வேலை." அந்தப் பக்கத்தில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த இடத்தில்தான் காசை எடுத்து மேசையில் வைத்தோம். பாவி, அந்தச் சிரிப்பைத்தான் விற்றிருக்கிறான்.

கணக்கு இப்படி: இரண்டு பேருக்கும் டிக்கெட் 6 இலட்சம், ஐரோப்பா ரயில் பாஸ் 2 இலட்சம், விசா, இன்சூரன்ஸ், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1 இலட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 9 இலட்சத்து 40 ஆயிரம். மெஷினில் போட்டு எண்ணினான். பற்றுச்சீட்டில் ஒரே வரிதான்: 'யூரோப் பெக்கேஜ், இரண்டு பேர்.' டிக்கெட்டுக்கு எவ்வளவு, எதற்கு எவ்வளவு என்று ஒன்றும் பிரித்து எழுதவில்லை. ரப்பர் முத்திரை மட்டும் மூன்று இடத்தில்.

கூட்டாளிமார் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பிரான்சில் ஒருவர் வீட்டில் தங்கப் போவதென்றால், அவர் தன் நகரசபைக்குப் போய் வரவேற்புச் சான்று எடுக்க வேண்டும். வீட்டு ஒப்பந்தம், சம்பளத் துண்டு எல்லாம் காட்டி, 30 யூரோ முத்திரைக் கட்டணமும் கட்டி எடுக்கிற கடிதம் அது. லா கூர்நேவ் கூட்டாளி வேலைக்கு லீவு போட்டு எடுத்தார். நகல் செல்லாது, அசல்தான் வேண்டும் என்று கூரியரில் அனுப்பினார். பேர்ன்காரர் தன் கையால் அழைப்புக் கடிதம் எழுதி, வதிவிட அட்டைப் பிரதியும் வைத்து அனுப்பினார். எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோய்க் கடையில் கொடுத்தோம். "சுப்பர் டீச்சர், இது போதும்" என்று வாங்கி லாச்சிக்குள் வைத்தான்.

கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். இரவு பஸ் ஏறப் போகும்போது கடைப் பொடியன் ஒட்டிய ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். "திறக்க வேணாம், பேப்பர் ஓடர் மாறினா அங்க கரைச்சல்." விசாக் கட்டணத்தை ஒரு கவரில் எண்ணிப் போட்டுத் தந்தான், நாங்கள் கொடுத்த காசிலிருந்துதான். பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி, நோர்வே எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் செல்லுகிற ஷெங்கன் விசாவுக்குப் பெரிய ஆளுக்கு 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து அதுதான் கட்டணம். அதோடு விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம். எங்கள் 9 இலட்சத்து 40 ஆயிரத்தில் உண்மையாகச் செலவானதற்கு என் கையில் இருக்கிற ஒரே பில் அங்கே தந்ததுதான்.

கொஞ்ச நாளில் பாஸ்போட் திரும்பி வந்தது. விசா இல்லை. கூடவே ஒரு தாள், அதில் பெட்டி பெட்டியாகக் காரணங்கள். எங்களுக்கு அடையாளம் போட்டிருந்த பெட்டி: தங்குவதன் நோக்கம், நிபந்தனைகள் பற்றிக் கொடுத்த தகவல் நம்பத்தகுந்ததல்ல.

முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பித்த மனிசன் அந்த வரியை நாலு தரம் வாசித்தார்.

ஃபைலின் பிரதியைக் கேட்டோம். முதலாளி இல்லாத நேரம், கவுண்டரில் இருந்த பிள்ளை ஒன்றும் அறியாமல் எடுத்துத் தந்துவிட்டது. அதற்குள் இருந்தது எங்கள் பயணமே இல்லை! பாரிசில் ஒரு ஹோட்டல், நீஸ் என்கிற கடற்கரை நகரத்தில் ஒரு ஹோட்டல், வேறெங்கும் போகவில்லை. நீஸ் எங்கே இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. நகரசபைக் கடிதம் இல்லை, பேர்ன்காரரின் கடிதம் இல்லை. கூட நாள் நிற்கிற நாடு எதுவோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி. அப்படியென்றால் எங்களுக்குச் சுவிஸ். இவனுக்குப் பிரான்ஸ் விசாவுக்கு விண்ணப்பம் கொடுக்கிற திகதி சுலபமாகக் கிடைத்திருக்கிறது, அதற்கு ஏற்றமாதிரிப் பயணத்தையே மாற்றி எழுதிவிட்டான். அந்த ஹோட்டல் புக்கிங்குகளும் காசு கட்டாமல் போட்டு, பிறகு கென்சல் பண்ணியவை. ஹோட்டலுக்கு ஒரு ஈமெயில் போட்டுக் கேட்டால் தெரியவரும் விஷயம். தூதரகக்காரர் என்ன நினைப்பார்கள்? இந்த மறுப்பு அவர்களுடைய விசாத் தகவல் அமைப்பில் 5 வருடம் கிடக்கும், எங்கள் பெயரில்.

விசா போனால் போகட்டும், டிக்கெட் காசையாவது தா என்றால், "டிக்கெட் எடுத்தாச்சு சேர், நொன் ரிஃபண்டபிள்." பிரிண்ட் எடுத்த தாளையும் காட்டினான். இரண்டு பேரின் பெயர், விமான இலக்கம், ஆறு எழுத்துப் பதிவுக் குறி எல்லாம் இருக்கிறது. யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஒஸ்லோக்காரியின் மகன்தான் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். பார்த்த உடனே கோல் எடுத்தான். "அன்ரி, இதில டிக்கெட் நம்பர் இல்லையே." ஆறு எழுத்துக் குறி என்பது இருக்கையைப் பிடித்து வைத்ததற்கு மட்டும். காசு கட்டி டிக்கெட் வெட்டினால் 13 இலக்கத்தில் ஒரு நம்பர் வரும், அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறி. அந்த நம்பர் இல்லையென்றால் டிக்கெட்டும் இல்லை. கொழும்பில் இருக்கிற அந்த விமான நிறுவனத்தின் ஒபிசுக்கு இவர் நேரே போய்க் கேட்டார். பதிவு போட்டிருக்கிறார்கள், காசு கட்டாததால் அது தானாகவே ரத்தாகியிருக்கிறது. டிக்கெட் வழங்கப்படவே இல்லை. ரயில் பாஸும் அதே கதைதான், பாஸ் நம்பரைக் காட்டு என்றால் காட்ட ஒன்றுமில்லை.

இப்போது விளங்குகிறதா? விசா மறுக்கப்பட்டது இவனுக்கு நட்டமில்லை, லாபம். விசா கிடைத்திருந்தால் உண்மையான டிக்கெட் வெட்டித் தந்திருக்க வேண்டும். மறுத்தால் "நொன் ரிஃபண்டபிள்" என்று ஒரு சொல்லோடு அலுவல் முடிந்தது. நல்ல கடிதங்களை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் பொய் ஹோட்டலை வைத்தது கவலையீனத்திலா, வேணுமென்றா என்று எனக்குச் சத்தியம் பண்ண முடியாது. என் மனதில் இருப்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்த இழுத்தடிப்பைக் கேளுங்கள். முதலில் "விமானக் கம்பனிக்கு மெயில் போட்டிருக்கு, ரிஃபண்ட் வர 90 நாள் எடுக்கும்." எடுக்காத டிக்கெட்டுக்கு ரிஃபண்ட்! அப்புறம் "கொழும்பு ஹெட் ஒபிசில கேட்கணும்." அப்படி ஒரு ஹெட் ஒபிஸ் இருந்ததாக அதற்கு முதல் ஒரு நாளும் சொன்னதில்லை. போகிற நேரமெல்லாம் கவுண்டர்ப் பிள்ளை நெஸ்கஃபே ஊற்றித் தரும், "சேர் இப்பதான் வெளியில போனவர்" என்று சொல்லும், உள் அறையில் அவன் தும்முகிற சத்தம் கேட்கும். வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. ஒருநாள் வாசலில் வைத்துப் பிடித்தோம். வெட்கமில்லாமல் சொல்கிறான்: "காசு எங்கயும் போகாது டீச்சர், அடுத்த வருசத்துக்கு அப்பிடியே வச்சிருப்பம். இத்தாலிக்குப் போடுவம், லேசு." இத்தாலியில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இவர் கொஞ்சம் சத்தம் போட்டார். உடனே குரல் மாறியது: "நீங்க ஒப்பம் வச்சிருக்கீங்க சேர், பற்றுச்சீட்டுக்குப் பின்னால பாருங்க." பின்னால் பொடி எழுத்து ஆங்கிலத்தில், கட்டிய பணம் எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது என்று. அன்றைக்குப் பின்னேரமே எங்கள் இரண்டு நம்பரையும் புளொக் பண்ணிவிட்டான்.

பாரிஸ் கூட்டாளி அந்த நகரசபைக் கடிதத்தின் அசலைக் கேட்கிறார். அதையும் தரவில்லை.

பொலிசில் முறைப்பாடு போட்டாயிற்று. கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாவனையாளர் அதிகார சபைக்கும் 1977 என்கிற இலக்கத்துக்குக் கோல் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். "ஏன் டீச்சர், நீங்களே ஒன்லைனில் போட்டிருக்கலாமே" என்று கேட்கிற ஆட்களுக்கு ஒரு சொல்: ஏஜென்சிக்குக் காசு கொடுத்து வேலை செய்விப்பது குற்றமில்லை, வாங்கின காசுக்கு வேலை செய்யாமல் விடுவதுதான் குற்றம். கேள்வியை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

கடைசியில் விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் இப்போது தலை இடிக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விசா கையில் வரும்வரை முழு டிக்கெட் காசைக் கொடுக்காதீர்கள், விண்ணப்பத்துக்குப் பதிவுத் தாள் போதும். டிக்கெட் எடுத்தாச்சு என்றால் 13 இலக்க நம்பரைக் கேளுங்கள், விமானக் கம்பனியிடமே உறுதிப்படுத்துங்கள். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பாருங்கள், திறக்காதே என்று சொல்கிறவனிடம் கொடுக்கவே வேண்டாம். அசல் கடிதம் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் கடை பதிந்திருக்கிறதா என்று முதலே பாருங்கள். சுவரில் தொங்கும் ஈபிள் கோபுரப் படங்களை நம்பாதீர்கள்.

இதே கடையில் இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், எந்தக் கடை என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். சட்டத்தரணி சொல்கிறார், முறைப்பாடு கூடக் கூட நல்லதாம். பற்றுச்சீட்டு வைத்திருந்தால் எறிய வேண்டாம், பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். எங்களுக்கு 9 இலட்சத்து 40 ஆயிரம். உங்களுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்.