குருநகரிலிருந்து சுன்னாகம் வரை: மின்சார ஸ்கூட்டர் எப்படி?

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று பள்ளிக்கூடத்தில் பலரும் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பற்றரியைப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கு வீடு குருநகரில், படிப்பிப்பது சுன்னாகத்தில். காங்கேசன்துறை வீதியால் தினமும் போய் வருகிறேன், பின்னால் மகள். ஒரு சார்ஜில் 100 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். இருவர் ஏறி, புத்தகப் பையும் வைத்தால் 70 தான் கிடைக்கிறது. எனக்கு அது தாராளம். இரவு வீட்டுப் பிளக்கில் போட்டால் விடிய நிறைந்திருக்கும். பிறேக் நன்று, இருக்கை கொஞ்சம் கடினம். மாரியில் வெள்ளம் நின்ற ஒழுங்கைகளிலும் மெதுவாக ஓட்டினேன், நிற்கவில்லை. உப்புக்காற்றுக்குத்தான் ஈடுகொடுக்க முடியவில்லை, ஆணிகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

ஈய பற்றரி மலிவு, ஆனால் பாரம், ஆயுளும் குறைவு. லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகைக்கு விலை கூட, ஆனால் வெயிலைத் தாங்கும். நம்முடைய வெயிலுக்கு இதுதான் சரி.

நான் வாங்கியதற்குக் காரணம் மகளின் மூச்சு இழுப்பு. ரயில் கடவை மூடியிருக்கும்போது முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகை நேரே அவள் முகத்தில்தான் அடிக்கும். அந்த வரிசையில் என் வண்டியாவது புகை விடுவதில்லை. பெற்றோல், டீசல் வாகனங்களுக்கு வரி அனுமதிப்பத்திரம் எடுக்க வருடாவருடம் புகைச் சான்றிதழ் வேண்டும். மின்சார வண்டிக்கு அது வேண்டாம்.

"கரண்ட் எங்கேயிருந்து வருகுது? நுரைச்சோலையில் நிலக்கரி எரிச்சுத்தானே?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் இருக்கிறது, அந்தப் புகையைப் புத்தளத்துப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் நாட்டின் கரண்ட் நிலக்கரியில் மட்டும் வருவதில்லை. நீர் மின்சாரம் இருக்கிறது, மன்னார்க் காற்றாலைகள் இருக்கின்றன, கூரைகளில் சூரியத் தகடுகள் கூடி வருகின்றன. பெற்றோல் ஸ்கூட்டர் எவ்வளவு காலம் ஓடினாலும் பெற்றோலைத்தான் எரிக்கும்.

புகை என்று பேசினால் ரயிலையும் சொல்ல வேண்டும். 1990இல் நின்ற யாழ்தேவி 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது அழுதவர்களில் நானும் ஒருத்தி. கொழும்புக்கு நூற்றுக்கணக்கானோரை ஒரே எஞ்சின் இழுத்துப் போகிறது. அத்தனை பேரும் வேனிலும் பஸ்ஸிலும் போனால் புகை பல மடங்காகும். அதனால் ரயிலைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இலங்கையில் ரயில் முழுக்க டீசலில் ஓடுகிறது, புகைச் சான்றிதழோ வீதி வாகனங்களுக்கான வரிப் பத்திரத்தோடு இணைந்தது, ரயில் எஞ்சினை அது தொடாது. அமெரிக்காவில் ரயில் எஞ்சின்களுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்தே புகை வரம்பு உண்டு, 2015இலிருந்து புது எஞ்சின்களுக்கு மிகக் கடுமையானது. கலிபோர்னியா இன்னும் மேலே போய், 23 வருடத்துக்குப் பழைய எஞ்சின்களை 2030இலிருந்து நிறுத்த 2023இல் விதி செய்தது. ரயில் நிறுவனங்கள் எதிர்த்தன. மத்திய அரசின் அனுமதிக்குக் கொடுத்த விண்ணப்பத்தை 2025 ஜனவரியில் மாநிலமே மீளப்பெற்றது. அவ்வளவு கடும் விதி இங்கே வந்தால் நமக்கு மிஞ்சுவது வெறும் தண்டவாளம்தான். ஆனால் அதே விதிக்குள் இன்னொன்றும் இருந்தது: சும்மா நிற்கும் எஞ்சினை 30 நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. இதற்குப் பெரிய செலவில்லை, டீசலும் மிச்சம். நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்காக இதையாவது இங்கே சட்டமாக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் ஒரு குறை: மோட்டருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கொன்றோலர் பழுதானபோது பாகம் கொழும்பிலிருந்து வரும் வரை கடையில் காக்க வைத்தார்கள். வாங்குமுன் உதிரிப்பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.